சித்திரையில் தின்ற தக்காளி

2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த வாரத்தில், சேலம் அஸ்தம்பட்டி உழவர் சந்தையிலிருந்து அரைக் கிலோ தக்காளியோடு வீடு திரும்பினேன். பையைப் பிரித்த அம்மா ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லுக்கா இத்தன காசு குடுத்த? உங்க அம்மாயி ஊட்டுல இருந்துச்சே பூசணித் தக்காளி, அது ஒன்னு போட்டா ஒரு சட்டிக் கொழம்பு ஆவும்" என்றார். சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார். எனக்கோ அந்தப் பெயர் மனத்தை விட்டு இறங்கவில்லை. ஏறக்குறைய 35 ஆண்டுகளாக நான் நினைத்துப் பார்க்காத ஒரு பழம், பெயரைக் கேட்ட மாத்திரத்தில் வடிவமும் மணமுமாகக் கண்முன் வந்து நின்றது. அன்று வாங்கி வந்த பழங்களைக் குழம்புக்கு அரிந்தபோதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாயி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் அம்மா. அவர் வீடு சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில் இருந்தது. இன்று அந்தப் பக்கம் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்டது. 1980களில் வாசலில் வந்து நின்றால் தென்னை மரங்களுக்கு மேலே சேர்வராயன் மலை ஒரே சுவராக எழுந்து தெரியும். முழுப்பரீட்சை முடிந்த மறுநாளே எங்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். பள்ளி திறக்கும் வாரத்தில்தான் திரும்புவோம். அந்த நாட்களில் தின்ற பழம் அது. உள்ளங்கையை நிறைக்கும் அளவு, மேலும் கீழும் அமுங்கித் தட்டையாக இருக்கும். பக்கவாட்டில் எட்டுப் பத்து மடிப்புகள் விழுந்து, சின்னப் பரங்கிக்காயைச் சிவப்புச் சாயத்தில் முக்கியது போல இருக்கும். நன்றாகப் பழுத்த பின்பும் காம்பைச் சுற்றி ஒரு கரும்பச்சை வளையம் மாறாமல் நிற்கும். அம்மாயி அரிவாள்மணையில் வைத்துக் குறுக்கே அரிந்தால் உள்ளே அறைகள் ஒழுங்கின்றிக் கோணல்மாணலாகத் தெரியும். சாறு மணைக்கட்டையில் ஓடித் தரையில் சொட்டும். அந்தப் பச்சை வளையத்தைத் தனியே செதுக்கிப் பருப்போடு வேகவைத்துவிட்டு, மீதியை மிளகாய் கிள்ளிப் போட்டு மண்சட்டியில் வதக்கி, மத்தால் கடைந்து களிக்கு ஊற்றுவார். எங்கள் பங்குக்கு முழுப் பழத்தையே உப்புத் தொட்டுத் தின்னக் கிடைக்கும். மடிப்புகளுக்குள் சில சமயம் மெல்லிய தாள் துணுக்கு ஒட்டியிருக்கும். அதை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் கடிப்போம்.

அம்மாயி இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வீடும் இல்லை, வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணறும் தோட்டமும் இல்லை. பழத்தின் விதையாவது எங்கேயேனும் ஒருவர் கையில் மிஞ்சியிருக்கும் என்று நம்பினேன். அன்று தொடங்கிய தேடல் ஒன்றரை ஆண்டு நீடித்தது. அந்தக் காலம் முழுவதும் அதை மனத்துக்குள் "அம்மாயி தக்காளி" என்றே அழைத்து வந்தேன். அந்தப் பெயரால்தான் தேடல் தவறான திசையில் போனது என்பது மிகவும் பிந்தியே விளங்கியது.

நாடு என்ற சொல்

சேலத்துக் காய்கறிக் கடைகளில் தக்காளிக்கு இரண்டு பெயர்கள் உண்டு. சற்று நீண்டு, தோல் தடித்து, நான்கு நாள் கிடந்தாலும் கசங்காதது பெங்களூர் தக்காளி. உருண்டையாக, புளிப்புக் கூடி, இரண்டாம் நாளே இளகிவிடுவது நாட்டுத் தக்காளி. என் தேடல் இரண்டாவது பெயரிலிருந்து தொடங்கியது இயல்புதான். ஆனால் கடைக்காரர்கள் நாடு என்று சொல்லும் பழங்களில் பலவும் ஆராய்ச்சி நிலையங்களில் உருவானவை என்று விசாரிக்க விசாரிக்கத் தெரிந்தது. தமிழ்நாட்டில் பெரும் புகழ் பெற்ற பி.கே.எம். 1 என்ற இரகம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் பிறந்தது. தேனிக்கு அருகிலுள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளியில் சடுதிமாற்றத்தை, அதாவது மரபணுவில் திடீர் மாற்றத்தை, தூண்டி அதை உருவாக்கினார்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 3 என்ற இரகமும் அதே வழியில் கோ 1 இரகத்திலிருந்து வந்தது. நமக்குப் பக்கத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில், பூசா ரூபி என்ற இரகத்தையும் கோ 3ஐயும் இணைத்துப் பையூர் 1ஐக் கொண்டுவந்தார்கள். இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். இரண்டு தலைமுறை உழவர்களுக்கு இவைதாம் வருமானம் தந்தன. நம் குழம்புகளும் இவற்றால்தான் கொதித்தன. இந்த வரலாற்றில் என்னைப் பிடித்து நிறுத்தியது அன்னஞ்சி என்ற ஊர்ப்பெயர். யாரோ சில குடும்பங்கள் ஆண்டாண்டாக விதை எடுத்து வைத்திராவிட்டால் அந்த ஆராய்ச்சிக்குத் தாய்ச்செடியே கிடைத்திராது. அந்தக் குடும்பங்களின் பெயர் எங்கும் இல்லாவிட்டாலும் ஊரின் பெயராவது ஏட்டில் நின்றது. கன்னங்குறிச்சியின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அடுத்து, விதைத் திருவிழாக்களுக்குப் போகத் தொடங்கினேன். ஏழு வகை விதைகளை வாங்கி மொட்டை மாடியில் பைகளில் வளர்த்தேன். இரண்டு வகைகளை இலைச்சுருட்டை நோய் கொண்டுபோனது. வெள்ளை ஈ ஒன்று வந்து உட்கார்ந்தாலும் போதும், பத்து நாளில் கொழுந்து சுருண்டு செடி குறுகிவிடுகிறது. பிழைத்தவற்றில் ஒன்று மடிப்பு மடிப்பாகக் காய்த்தது. அதைப் பார்த்த நாளில் தேடல் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். விதை கொடுத்தவரைத் தொலைபேசியில் அழைத்து எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டபோது, இணையத்தில் வாங்கிய இத்தாலியப் பொட்டலத்திலிருந்து தான் பெருக்கியது என்று அவர் நேர்மையாகச் சொன்னார். பழம் நன்றாகவே இருந்தது. ஆனால் பாரம்பரிய விதை என்று நம்மிடையே கைமாறும் தக்காளிகளில் பல, இத்தாலியக் குடும்பங்களும் அமெரிக்கக் குடும்பங்களும் காத்துவந்தவை என்பதை அன்று அறிந்தேன்.

அவற்றில் ஒன்றின் கதை என்னோடு தங்கிவிட்டது. செரோக்கி பர்ப்பிள் என்ற கருஞ்சிவப்புத் தக்காளியின் விதை, 1990ஆம் ஆண்டு டென்னசியைச் சேர்ந்த ஜே.டி. கிரீன் என்பவரிடமிருந்து கிரெய்க் லெஹூலியர் என்ற விதை சேகரிப்பாளருக்கு அஞ்சலில் வந்தது. உடன் வந்த கடிதத்தில், செரோக்கிப் பழங்குடியினரிடமிருந்து நூறு ஆண்டுகளுக்கு முன் தம் பகுதியினருக்குக் கிடைத்த விதை இது என்று கிரீன் எழுதியிருந்தார். அந்தப் பழத்துக்கு அதுவரை பெயர் இல்லை. லெஹூலியர் அந்தக் கடிதத்தை வைத்தே பெயரிட்டார். கொடுத்தவர் யார், அவருக்குக் கொடுத்தவர் யார் என்ற சங்கிலி ஒரு பொட்டலத்தோடு பயணம் செய்ததால் இன்று உலகம் முழுவதும் அந்தப் பழத்தோடு ஒரு மக்களின் பெயரும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. இதைப் படித்தபோது எனக்கு அம்மாயியின் நினைவுதான் வந்தது. அவர் பெயரில் ஒரு பழம் நிலைக்க வேண்டும் என்ற ஆசை அப்போது இன்னும் வலுத்தது.

பழுத்த பின்னும் மாறாத அந்தப் பச்சைத் தோளைப் பற்றியும், அதாவது காம்பைச் சுற்றிய பச்சை வளையத்தைப் பற்றியும், படித்தேன். காய்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று இரக வளர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். சீராகச் சிவக்கும் பழம் பார்வைக்கு அழகு, எப்போது பறிப்பது என்று முடிவு செய்வதும் எளிது. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தச் சீரான நிறத்துக்குக் காரணமான மரபணு மாற்றம் காயின் பச்சையத்தைக் குறைப்பதையும், அதனால் காய் தனக்குத்தானே சமைத்துக்கொள்ளும் சர்க்கரை குறைவதையும் காட்டியது. அம்மாயி செதுக்கிப் பருப்பில் போட்ட அந்தப் பச்சை வளையம் பழத்தின் சொந்த அடுப்பு என்று சொல்லலாம். அதன் பிறகு யாரிடம் விசாரித்தாலும் மடிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் தோளைப் பற்றிக் கேட்டேன்.

ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடி என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வந்தேன். வயதில் மூத்த உழவர்கள் பலருக்கு அப்படியொரு பழம் நினைவில் இருந்தது. வைத்திருப்பவர் எவரும் இல்லை. வாழப்பாடிப் பக்கத்தில் ஒருவர் என்னை வரப்போரம் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "அந்தக் காய பொட்டியில அடுக்குனா அடிக்காயி ஒடஞ்சு தண்ணி விட்டுரும்ங்க. மண்டிக்காரரு பாதி வெல போடுவாரு. இப்ப நர்சரியில தட்டுல நாத்து வாங்கியாந்து நடுறோம். தக்காளி வெதையக் கையில தொட்டே பதனஞ்சு வருசம் ஆச்சுங்க." அவர் குரலில் குறையாக எதுவும் இல்லை, நடப்பைச் சொன்னார். ஒரு விதையைக் கைவிடுவது என்று யாரும் ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. குழித்தட்டில் நாற்று வந்த அந்த முதல் ஆண்டு, வீட்டு விதைக்கு நாற்றங்கால் போடாமல் விட்டார்கள். மறு ஆண்டும் விட்டார்கள். தக்காளி விதை நல்ல முளைப்போடு நான்கைந்து ஆண்டுகள் இருக்கும். அதற்குள் விதைக்காவிட்டால் பானையில் இருப்பது வெறும் உமிதான்.

ஆயா கேட்ட கேள்வி

2025 ஜனவரியில் நான் ஏற்காட்டுக்குப் போனது தக்காளியை நினைத்து இல்லை. நாகலூரைத் தாண்டிச் சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், பழம் பறிக்கும் நாட்களில் வந்து பார்க்கும்படி வெகுநாளாக அழைத்துக்கொண்டிருந்தார். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பேருந்தில் ஏறி, அங்கிருந்து அவர் வண்டியில் போனேன். சில்வர் ஓக் மரங்களின் நிழலில், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளுக்கு இடையே, பெண்கள் இடுப்பில் பை கட்டிக்கொண்டு சிவந்த பழங்களை மட்டும் பார்த்து உருவிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் அக்கம்பக்கத்து மலைக் கிராமங்களைச் சேர்ந்த, மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடியினர். அவர்களில் மூத்தவராகத் தெரிந்த ஒரு பாட்டி மதியக் கஞ்சிக்காகக் கல்லில் வந்து உட்கார்ந்தபோது, எங்கே போனாலும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன என் கேள்வியை அவரிடமும் கேட்டேன். தட்டை, மடிப்பு, பச்சைத் தோள், கன்னங்குறிச்சி, அம்மாயி என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டு முடித்தார். கஞ்சியை ஒரு வாய் குடித்தார்.

"எந்த மாசத்துல தின்ன கண்ணு?"

ஒன்றரை ஆண்டில் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். வேளாண் பட்டம் பெற்றவர்கள், விதை விற்பவர்கள், நாற்பது ஆண்டு தக்காளி போட்டவர்கள். நிறம் கேட்டார்கள், எடை கேட்டார்கள், இலை உருளைக்கிழங்கு இலை போல அகலமா என்று கூடக் கேட்டார்கள். மாதத்தை யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"முழுப்பரீட்ச லீவுல ஆயா. சித்திரை கடைசி, வைகாசின்னு வெச்சுக்குங்களேன்."

"சித்திரையில கீழநாட்டுல ஏது கண்ணு தக்காளி? அங்க கெணத்துல தண்ணியே இருக்காதே. அது நாங்க எறக்குனதா இருக்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அம்மாயி வீட்டுக் கிணறு எனக்குத் தெரிந்தது. கோடை விடுமுறையில் நாங்கள் வாளியை விட்டால் அது தண்ணீரில் விழும் சத்தம் வராது; அடிப்பாறையில் மோதிக் கணீரென்று ஒலிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே மீண்டும் மீண்டும் வாளியை விட்டு அம்மாயியிடம் வசவு வாங்கியிருக்கிறோம். பின்கட்டுத் தோட்டத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் மட்டும் பச்சையாக நிற்கும். மற்ற பாத்திகள் வெடித்துக் கிடக்கும். குடிதண்ணீருக்கே தெருக்குழாயில் குடம் வரிசையில் நிற்கும். இந்தக் கிணறும் என் நினைவில்தான் இருந்தது, அந்தப் பழமும் என் நினைவில்தான் இருந்தது. இரண்டும் ஒரே விடுமுறையைச் சேர்ந்தவை. வெடித்த பாத்தியில் அந்தச் சாறு நிறைந்த பழம் எப்படிக் காய்த்திருக்கும் என்று ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

தக்காளிப் பூ வெப்பத்துக்கு மிகவும் அஞ்சுவது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் சில நாட்கள் தொடர்ந்தால் மகரந்தம் வீரியம் இழக்கும். பூ காம்போடு உதிர்ந்துவிடும். சேலத்துச் சித்திரை 40 டிகிரியைத் தொடுவது. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அதே நாட்களில் இரவு குளிர்ந்துவிடும், காப்பி பூக்கக் காரணமான கோடை மழையும் இடையிடையே இறங்கும். நாங்கள் கீழே வெந்துகொண்டிருந்த வாரங்களில் மேலே செடிகள் காய்த்துக்கொண்டிருந்திருக்கின்றன. இந்த விவரங்கள் எல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் அம்மாயியின் கையிலிருந்து வாங்கித் தின்ற பழம் என்பதால் அம்மாயியின் தோட்டத்துப் பழம் என்றே முடிவு கட்டியிருந்தேன்.

பிறகு அந்தத் தாள் துணுக்கு நினைவுக்கு வந்தது. ஆயாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "சாமத் தாளு. கூடையில அதப் போட்டுத்தான் அடுக்குவோம். நெல்லந்தாளு குத்தும், இது குத்தாது" என்றார். கன்னங்குறிச்சியில் யார் வீட்டிலும் சாமை இல்லை. மலையாளிகளின் மேட்டு நிலத்தில் விளைவது சாமை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் நகம் கிள்ளி எறிந்த துணுக்கில் பழத்தின் ஊர் எழுதியிருந்தது.

வேலை முடிந்து கிளம்பும்போது அவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். கைகழுவும் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், பலா மரத்தின் அரை நிழலில், கம்பு எதுவும் ஊன்றாமல் தரையோடு படர்ந்து கிடந்தது செடி. தானாக முளைப்பதுதானாம். முளைக்காத ஆண்டில் மட்டும் சுவரிலிருந்து எடுத்துப் போடுவாராம். பழத்தைச் சாம்பலோடு பிசைந்து சாணி மெழுகிய சுவரில் அப்பிவைப்பது அவர்கள் வழக்கம். காய்ந்த பிறகு விதை அங்கேயே பூச்சி தொடாமல் இருக்கும், வேண்டும்போது சுரண்டி எடுத்துக்கொள்ளலாம். குனிந்து இலையை விலக்கினேன். தட்டையான காய்கள், அவற்றில் இரண்டு பழுத்திருந்தன. மடிப்புகள் எல்லாம் காம்பை நோக்கிக் குவிந்து, அங்கே ஒரு சுருக்கமாக முடிந்தன. சுற்றிலும் கரும்பச்சை. விரலை மடிப்புக்குள் விட்டுத் தடவிப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தின் ஆழம் விரலுக்கு மறக்கவில்லை.

"இதுக்கு என்ன பேரு ஆயா?"

"சுருக்குத் தக்காளி." சொல்லிவிட்டு அவர் இடுப்பிலிருந்த சுருக்குப்பையைத் தொட்டுக் காட்டினார். வாய் இழுத்துக் கட்டிய அந்தப் பையும் செடியில் கிடந்த பழமும் ஒரே வடிவம். பூசணி என்று நாங்கள் வைத்த பெயரைவிட இது எவ்வளவோ பொருத்தம். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வரைந்த முதல் தக்காளிப் படங்களில் இருப்பதும் இப்படி மடிந்து தட்டையான பழம்தான். மழமழவென்று ஒரே உருண்டையாகக் காய்க்கும் இரகங்கள் பரவியது, 1870இல் ஒகையோவைச் சேர்ந்த அலெக்சாண்டர் லிவிங்ஸ்டன் பாரகன் என்ற இரகத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்பு. சேர்வராயன் மலைக்கு 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த தோட்டத்துரைமார்களின் சமையல் தோட்டத்திலிருந்து இந்த விதை நழுவி வந்திருக்கும் என்பது என் எண்ணம். எப்படி வந்திருந்தாலும், துரைமார் போன பின்பும் இந்த வாசலில் அது நின்றது. தக்காளிப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. அதனால் வேலியோ காவலோ இல்லாமலும் ஒரு கொல்லையில் தலைமுறை தலைமுறையாகக் குணம் மாறாமல் இருக்க முடியும்; விதையை விடாத ஒரு கை இருந்தால் போதும்.

திண்ணை மாடத்து டம்ளர்

இரண்டு பழங்களையும் பறித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எங்க மாமியாருங்கூட கன்னங்குறிச்சிப் பக்கந்தான் எறக்குவாங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் காலத்தில் விடியும் முன்பே தலைச்சுமையோடு ஒற்றையடிப் பாதையில் இறங்கியவர்கள் பலர். அவருடைய மாமியார்தான் எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்று இழுத்துப் பொருத்த நான் விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு பழத்தைக் கழுவி அம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கத்தி வேண்டாம் என்று சொல்லிக் கடித்தார். பாதியைத் தின்ற பிறகுதான் பேசினார். "மலையில கெடச்சுதா? மலைக்காரம்மா கொண்டாருவாங்களே, அதேதான்." அவருக்கு அது முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. 2023 ஜூலையில் "உங்க அம்மாயி ஊட்டுல இருந்துச்சே" என்று சொன்னபோது, வீட்டில் இருந்தது என்றுதான் சொன்னார். தோட்டத்தில் காய்த்தது என்று சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டில் ஒருமுறை கூட நான் அவரிடம் அதைக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை என்னை ஊர் ஊராக அலைய வைத்ததே தவிர அடுப்படி வரை போய்க் கேட்கவிடவில்லை.

அன்று மாலை முழுவதும் அம்மா அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசினார். கோடையில் பலாவும் தக்காளியும், ஆடி ஆவணியில் பேரிக்காய், பிறகு ஆரஞ்சு என்று மாதத்துக்கு ஒருமுறையாவது வருவாராம். திண்ணையில் கூடையை இறக்கி, சும்மாட்டுத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அம்மாயி வெளியே வரும்வரை கூப்பிடாமல் உட்கார்ந்திருப்பாராம். அம்மாயி காசாகக் கொடுப்பது குறைவு. நெத்திலிக் கருவாடும் வரமிளகாயும் கொடுப்பார், தீபாவளிக்குப் பின் ஒரு பழஞ்சேலை. ஒருமுறை அந்த மலைக்காரம்மா தன் மகளையும் அழைத்து வந்திருக்கிறார். அம்மா வயதுதான் அந்த மகளுக்கும். இருவரும் திண்ணையில் கல்லாங்காய் ஆடியிருக்கிறார்கள்.

"அந்தம்மா பேரு என்னம்மா?"

அம்மா யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். வெளியே பால்காரர் வந்துபோனார். "பேரா… மலைக்காரம்மான்னுதான் எல்லாருமே கூப்புடுவோம்" என்றவர், சற்றுப் பொறுத்துக் குரலைத் தாழ்த்தி, "டம்ளர் வேற தனியா வெச்சிருந்தோம்" என்றார். அந்த டம்ளர் எனக்கும் நினைவிருக்கிறது. திண்ணை மாடத்தில், விளக்கு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், நெளிந்த அலுமினிய டம்ளர் ஒன்று கவிழ்த்திருக்கும். விளையாட்டாக நான் ஒருநாள் அதை எடுத்துத் தண்ணீர் குடிக்கப் போனபோது அம்மாயி பறித்து வைத்தார். காரணம் கேட்டேன். சொல்லவில்லை. அம்மாயி அன்பானவர்; தெருவில் யார் பசித்து வந்தாலும் சோறு போட்டவர். அந்த டம்ளரும் அவர் வைத்ததுதான். இரண்டையும் ஒருசேரச் சொல்லாமல் அம்மாயியைப் பற்றி இனி என்னால் எழுத முடியாது. பல கல் தொலைவு இறங்கி வந்தவரின் பழத்தை மடிப்பு மடிப்பாக நினைவில் வைத்திருந்த எங்கள் குடும்பத்தில், அவர் பெயரை நினைவில் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. ஒன்றரை ஆண்டாக அந்தப் பழத்தை நான் அம்மாயி தக்காளி என்று சொல்லிக்கொண்டிருந்தது இப்போதும் உறுத்துகிறது.

இரண்டாவது பழத்தை விதைக்கு வைத்தேன். கூழை ஒரு டம்ளரில் பிழிந்து மூன்று நாள் புளிக்க விட்டேன். மேலே வெண்மையாக ஆடை படிந்ததும் அலசினால் விதையைச் சுற்றிய வழுவழுப்பு நீங்கி, நல்ல விதைகள் அடியில் தங்கிவிடுகின்றன. நிழலில் உலர்த்தி எண்ணியபோது 118 இருந்தன. உறையில் ஒட்ட ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தேன். டெல்லியில் 1976இல் தொடங்கப்பட்ட தேசியத் தாவர மரபணு வளப் பணியகம் விதைகளை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் காத்துவருகிறது. அங்கே சேரும் ஒவ்வொரு மாதிரியோடும் சேகரித்த ஊர், சேகரித்த நாள், உள்ளூர்ப் பெயர், கொடுத்தவர் ஆகிய விவரங்களும் சேர்த்துக் காக்கப்படுகின்றன. பயிர் இரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புக்கான 2001ஆம் ஆண்டுச் சட்டம், உழவர் காத்துவந்த இரகத்தை அந்த உழவரின் பெயரிலேயே பதிவு செய்ய இடம் தருகிறது. அந்த வரிசையையே நானும் பின்பற்றினேன். பழத்தின் பெயர்: சுருக்குத் தக்காளி. காய்க்கும் காலம்: மலையில் சித்திரை, வைகாசி. கொடுத்தவர் என்ற இடத்தில் ஆயாவின் பெயரை எழுதினேன். அன்று அவரிடம் முதலில் கேட்டு வாங்கி வந்திருந்தது அதைத்தான். அவருக்கு முன் காத்தவர் என்று ஒரு வரி சேர்த்து, அதை நிரப்பாமல் விட்டு உறையை ஒட்டினேன்.

ஆயா சொன்னதைச் சோதித்துப் பார்க்கவென்றே தையில் 20 விதைகளை மாடியில் நட்டேன். 17 முளைத்தன. பங்குனியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒவ்வொரு கொத்தையும் விரலால் தட்டி மகரந்தம் உதிரச் செய்தேன், மதியத்துக்குப் பச்சை வலை கட்டினேன். சித்திரை பிறந்து பத்து நாளில் காம்பு மஞ்சளாகி ஒவ்வொன்றாகப் பூக்கள் விழுந்தன. ஒரு காய்கூட நிற்கவில்லை. ஆடியில் மறுபடி நடுவேன். அப்போது நட்டால் கார்த்திகை வாக்கில் இங்கேயும் காய்க்கும்.

மேலே காய்த்துவிட்டதாம். நண்பர் போன வாரம் தொலைபேசியில் சொன்னார். நான் பையை எடுத்துவைப்பதைப் பார்த்த அம்மா, தானும் வருவதாகச் சொல்லிவிட்டு, வெறுங்கையோடு போகக் கூடாது என்று செவ்வாய்ப்பேட்டைக்கு ஆட்டோ வைத்துப் போய் ஒரு கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கி வந்தார். மூன்று தாளில் சுற்றிக் கட்டியும் கூடத்தில் வாசம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் இருவரும் கிளம்புகிறோம்.